பேப்பரா, பாத்ரூமா, மொட்டை மாடியா, தெருவா? நாய்க்குட்டிக்கு இடம் பார்த்த கதை

கீழே இருபத்தைந்து நிமிடம் நின்றோம். வேப்பமரம், டிரான்ஸ்ஃபார்மர் அடி, யாரோ வைத்த செம்பருத்திச் செடி என்று ஒன்று விடாமல் எங்கள் நாய்க்குட்டி பட்டாணி முகர்ந்து பார்த்தது. ஒரு சொட்டுகூட விடவில்லை. சரி, இப்போது வராது போலிருக்கிறது என்று தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறி, மூன்றாவது மாடிக்கு வந்து கதவைத் திறந்தேன். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அது கால்மிதியின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. நிதானமாக முடித்துவிட்டு, சொன்ன வேலையைச் செய்துவிட்ட மாதிரி வாலை வேறு ஆட்டியது.

"ஏன்டா, இதுக்குத்தான் அவ்வளவு நேரம் கீழ நின்னியா?" என்றார் அம்மா.

அக்டோபர் மழையில் எங்கள் மடிப்பாக்கம் குடியிருப்பின் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டு கிடந்த நாட்டுக் குட்டி அது. இரண்டு மாதம் இருக்கும் என்றார் டாக்டர். மகள் பெயர் வைத்த பிறகு வேறு வழியில்லை, எங்கள் வீட்டு நாய் ஆகிவிட்டது. அதை எங்கே போகப் பழக்குவது என்பதில் மட்டும் வீட்டில் நான்கு பேருக்கு நான்கு கருத்து. நான் பேப்பர் என்றேன். மனைவி பாத்ரூம் என்றாள், கழுவிவிடுவது சுலபமாம். அம்மாவுக்கு நாய் என்றால் தெருவில்தான் போக வேண்டும். ஏழு வயது மகள் மொட்டை மாடி என்றாள். காரணம் கேட்டால், அங்கே காற்று நன்றாக வரும் என்றாள்.

மூன்று மாதத்தில் நான்கையும் செய்து பார்த்தோம். சிலவற்றைச் செய்து பார்க்காமலே தவிர்த்திருக்கலாம் என்று இப்போது தெரிகிறது. மாடி வீட்டில் குட்டி வளர்க்கப்போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். தோட்டம் உள்ள தனி வீட்டுக்காரர்கள் இதைப் படிக்கவே வேண்டாம், கொல்லைக் கதவைத் திறந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் குட்டியின் உடம்பு ஒன்றுதான். எத்தனை மாதக் குட்டியோ அதோடு ஒன்றைக் கூட்டினால், பகலில் அதிகபட்சம் அத்தனை மணி நேரம் அடக்கும் என்பது வளர்ப்பவர்கள் கையில் வைத்திருக்கும் கணக்கு. இரண்டு மாதக் குட்டி என்றால் மூன்று மணி நேரம். அதுவும் தூங்கிக்கொண்டிருந்தால்தான். விளையாடிக்கொண்டிருந்தால் அரை மணிக்கு ஒரு தரம்கூடப் போகும். தூங்கி எழுந்ததும் ஒன்றுக்கு வரும். சாப்பிட்டால் வயிறு நிறைந்த வேகத்தில் குடல் அசைந்து, ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் இரண்டுக்கு வரும். விளையாட்டின் நடுவே சட்டென்று நின்று, மூக்கைத் தரையில் வைத்து ஒரு வட்டம் அடித்தால் அடுத்த ஐந்து வினாடி உங்களுடையது. அந்த ஐந்து வினாடிக்குள் எந்த இடத்துக்குக் கொண்டுபோக முடியும் என்பதுதான் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வியை நாங்கள் யாருமே கேட்டுக்கொள்ளவில்லை. குட்டிக்கு ஏழு, எட்டு, ஒன்பது வாரம் ஆகும்போது, காலுக்குக் கீழே எந்தத் தரை இருந்தால் போகலாம் என்பது அதன் மனதில் பதிய ஆரம்பித்துவிடுகிறது. மண்ணில் பழகியது மண்ணைத் தேடும், துணியில் பழகியது துணியைத் தேடும். பட்டாணி எங்களிடம் வந்த முதல் இரண்டு நாள் பழைய பெட்ஷீட்டில் படுத்து அதிலேயே போய்க்கொண்டிருந்தது. குட்டிதானே என்று விட்டுவிட்டோம். மெத்தென்று, உறிஞ்சுகிற மாதிரி இருக்கும் எதுவும் அதற்குக் கழிப்பறை ஆகிவிட்டது. எங்கள் கால்மிதி மாட்டிக்கொண்டது அப்படித்தான்.

இனி பேப்பர். என் கட்சி என்பதால் முதலில் அதைத்தான் செய்தோம். பால்கனிக் கதவு ஓரமாக நான்கைந்து தாள் விரித்தோம். செலவில்லை, பழைய பேப்பர் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஐந்து வினாடிக் கணக்குக்கும் ஒத்துவரும், ஹாலிலிருந்து பத்தடிதான். இரண்டாம் நாளே அங்கே போக ஆரம்பித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்புறம்தான் உற்றுப் பார்த்தேன். முன்னங்கால் இரண்டும் பேப்பரில் இருக்கும். பின்பக்கம் முழுக்கத் தரையில். குட்டியைப் பொறுத்தவரை அது பேப்பர் மேல்தான் நிற்கிறது, நனைவது எதுவென்று அதற்கு என்ன கவலை? நான் பரப்பை அகலப்படுத்திக்கொண்டே போனேன். ஒரு வாரத்தில் பால்கனிப் பக்கம் பாதி ஹால் பேப்பராகிவிட்டது. எட்டாவது நாள், அம்மா வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்து, பேப்பர் விரித்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பட்டாணி தூங்கி எழுந்து வந்தது. ஒரு வட்டம் அடித்தது. கீரைக்கு ஒரு சாண் தள்ளி, ரொம்ப ஒழுக்கமாக, நான்கு காலையும் பேப்பருக்குள்ளேயே வைத்து உட்கார்ந்தது. முதல் தடவையாக முழுதும் சரியாகச் செய்திருந்தது, திட்டவும் முடியவில்லை. அன்றைக்குச் சாம்பார் வெறும் பருப்பில்.

நாய் ஒன்றுக்குப் போகவென்று கடையில் விற்கும் பஞ்சு விரிப்பும் (pee pad) இதே ஜாதிதான். உறிஞ்சும், ஒழுகாது, வாடையும் குறைவு. நாங்கள் வாங்கியது ஒன்று இருபத்தைந்து ரூபாய்க்கு வந்தது. ஒரு நாளைக்கு ஆறு என்றால் நூற்றைம்பது ரூபாய். அதில் இரண்டைக் குட்டி கடித்துக் குதறிப் பஞ்சாக்கிவிடும். செலவைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு: பேடும் மெத்தென்றுதான் இருக்கிறது, கால்மிதியும் மெத்தென்றுதான் இருக்கிறது. நான் மறக்கடிக்க நினைத்த பாடத்தையே காசு கொடுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு மண்ணில் போ என்றால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பகல் முழுக்க வீட்டில் ஆள் இல்லாதவர்களுக்கு வேறு வழி கிடையாது, அவர்கள் பேப்பரையோ பேடையோ போட்டுத்தான் ஆக வேண்டும். ஆள் இருக்கிற வீட்டுக்கு இது சோம்பேறி வழி, பின்னால் வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும்.

பாத்ரூமைப் பற்றி வெளிநாட்டு வழிகாட்டிகள் எதுவும் சொல்வதாகத் தெரியவில்லை. அவர்கள் பாத்ரூம் தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவ முடியாது, நம்முடையதில் வாட்டம் கொடுத்து, தண்ணீர் வடிகிற ஓட்டையில் ஜாலித் தட்டு வைத்திருக்கிறது. ஒரு மக்கு தண்ணீரில் ஒன்றுக்கு போனது போய்விடும். அந்த வசதியில் மனைவி சொன்னதில் தப்பே இல்லை. பக், ஷிட்சூ, பொமரேனியன் மாதிரி சின்ன ஜாதி நாய் வைத்திருக்கிற பலர் இப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள், ஆயுசுக்கும் ஓடுகிறது. மழை பெய்தாலும், நடு ராத்திரியானாலும், படி இறங்க முடியாத வயசானாலும் பிரச்சினை இல்லை.

எங்களுக்கு ஏன் ஒத்துவரவில்லை என்று சொல்கிறேன். எங்கள் பாத்ரூமிலும் ஹாலிலும் ஒரே மாதிரி டைல்ஸ். மனுஷருக்குக் கதவு, பைப், வாளி எல்லாம் சேர்ந்து அது பாத்ரூம். குட்டிக்குக் காலில் படுவது டைல்ஸ், அவ்வளவுதான். பாத்ரூம் டைல்ஸில் போனால் தட்டிக்கொடுக்கிறார்கள், ஹால் டைல்ஸில் போனால் அலறுகிறார்கள் என்றால் அது எதைப் புரிந்துகொள்ளும்? நண்பர் வீட்டில் பாத்ரூமில் ஒரு தேங்காய் நார் மிதியடியைப் போட்டு, அதுதான் இடம் என்று காட்டிப் பழக்கியிருந்தார்கள், அது நன்றாக வேலை செய்கிறது. நாங்கள் ஏற்கெனவே மிதியடியால் அடிபட்டவர்கள், அந்தப் பக்கமே போகவில்லை. அடுத்தது, ஈரத் தரை. அம்மாவுக்கு முழங்கால் வலி, விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து போகிறவர். வழுக்கி விழுந்தால் நாய் வளர்த்த லட்சணத்துக்கு நான் வாழ்நாள் முழுக்கப் பதில் சொல்ல வேண்டும். தவிர, யாராவது உள்ளே குளித்துக்கொண்டிருந்தால் ஐந்து வினாடிக் கணக்கு அவ்வளவுதான். இரண்டு பாத்ரூம் உள்ள வீட்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க முடியும், அல்லது துணி துவைக்கும் சர்வீஸ் ஏரியா தனியாக இருக்கிறது என்றால், குட்டியும் சின்ன ஜாதி என்றால், நான் இதற்குத்தான் ஓட்டுப் போடுவேன். இரண்டுக்கு போனதை மட்டும் ஜாலியில் தள்ளிவிடக் கூடாது, அள்ளிக் கோப்பையில் போட்டு ஃப்ளஷ் பண்ண வேண்டும்.

தெருவுக்கு வருவோம். ஆரம்பத்தில் சொன்ன இருபத்தைந்து நிமிடக் கதை அம்மாவின் யோசனைப்படி நடந்தது. மறுநாள் ஊசிக்குப் போனபோது இதைச் சொன்னேன். டாக்டருக்குக் கோபமே வந்துவிட்டது. குட்டிகளின் உயிரையே எடுக்கிற வயிற்றுப்போக்கைக் கொடுக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், நோய் வந்த தெரு நாய் ஒன்று அங்கே போயிருந்தால் போதும், குட்டி முகர்ந்தாலே ஒட்டிக்கொள்ளும். முதல் ஊசி ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை என்று பதினாறு வாரம் வரை போட வேண்டும். முதல் ஊசி போட்டாயிற்று, இனி தெருவில் விடலாம் என்று நினைப்பது பெரிய தப்பு. மழைக்காலத்தில் தேங்கின தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி வேறு. இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவைக் காட்டுங்கள், வண்டி, ஆட்கள், சத்தம் எல்லாம் இந்த வயதிலேயே பழக வேண்டும், கீழே மட்டும் விடாதீர்கள் என்றார்.

ஊசிகள் முடிந்த பிறகு தெருவை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. நாய்க்கு அதுதான் இயல்பு, வீடும் வீடாக இருக்கும். ஆனால் கீழே போகாமல் வீட்டுக்கு வந்து போகிற வியாதிக்கு மருந்து தெரிந்திருக்க வேண்டும். வெளியே பார்ப்பதற்கு ஆயிரம் இருக்கிறது, குட்டிக்கு வந்த வேலை மறந்துபோகிறது. வீட்டுக்கு வந்து அமைதியானதும் ஞாபகம் வருகிறது. இதற்கு நான் கற்றுக்கொண்டது: ஒரே இடத்தில் பத்து நிமிடம் மரம் மாதிரி நில்லுங்கள். போகவில்லையா, மேலே வாருங்கள், ஆனால் தரையில் விடாதீர்கள். மடியிலோ பெல்ட்டைப் பிடித்தபடி பக்கத்திலோ பத்து நிமிடம், மறுபடி கீழே. போன அந்த வினாடியில், அந்த இடத்திலேயே, விரல் நகம் அளவு வேகவைத்த கோழித் துண்டு. வீட்டுக்கு வந்து பிஸ்கட் கொடுத்தால், வீட்டுக்கு வந்ததற்குத்தான் பிஸ்கட் என்று அது நினைக்கும்.

இன்னொன்று. அது போனதும் வேலை முடிந்தது என்று உடனே இழுத்துக்கொண்டு மேலே வந்துவிடாதீர்கள். போனால் விளையாட்டு முடிந்துவிடுகிறது என்று தெரிந்துகொண்டால் குட்டி அடக்கிக்கொண்டே சுற்றும். போன பிறகுதான் ஊர் சுற்றல் ஆரம்பம் என்று வையுங்கள்.

தெருவில் இருக்கிற மனிதர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். நாய்களை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று குடியிருப்போர் சங்கங்கள் தடுக்க முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அது கையில் இருக்கிறது என்பதற்காகப் பக்கத்து வீட்டுக் கோலத்துக்கு மேல் போகவிட்டால் எந்த வழிகாட்டுதலும் காப்பாற்றாது. ஒரு பழைய பால் கவரைக் கையுறை மாதிரி மாட்டி, அள்ளி, வெளிப்புறமாகப் புரட்டிக் கட்டிக் குப்பையில் போட எட்டு வினாடி ஆகும்.

மிச்சமிருந்தது மகளின் யோசனை. அதைச் சின்னப் பிள்ளை பேச்சு என்று தள்ளியிருந்தோம்.

மொட்டை மாடி மூன்றாவது மாடிக்கு மேலே ஒரே ஒரு தளம். லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டாம், பதினெட்டுப் படி. தெரு நாய் வராது, அதனால் பார்வோ பயம் பெரும்பாலும் இல்லை. பார்க்க ஆள் இல்லை, வண்டி இல்லை, குட்டிக்குக் கவனம் சிதறாது. சிக்கல் இரண்டு. சிமென்ட் தரையில் போகப் பழகினால் நாளைக்குக் கார் நிறுத்துமிடத்தில் போகும். அப்புறம் அது எல்லாருக்கும் பொதுவான மாடி, துணி காய்கிறது, வெயில் காலத்தில் வடாம் காய்கிறது.

மாடித்தோட்டம் போடுகிற ஒருவர் இரண்டாவது மாடியில் இருக்கிறார். அவரிடம் ஒரு அகலமான ட்ரேயும் தேங்காய் நார்க்கழிவும் வாங்கினேன். ஐந்து கிலோ கட்டியாக விற்பார்களே, தண்ணீர் ஊற்றினால் உப்பி ஒரு தொட்டி நிறைய வரும், அதில் பாதி. அதோடு பாதிக்குச் செம்மண் கலந்து ட்ரேயில் நான்கு விரல்கடை உயரத்துக்குப் பரப்பினேன். நார்க்கழிவு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மண் காலுக்கு மண்ணாகவே தெரியும். ஓவர்ஹெட் டேங்க் நிற்கிற தூண்களுக்கு நடுவே வைத்தோம். மழையும் படாது, பத்து மணி வெயிலும் படாது. வெயில் காலத்தில் மாடித் தரை பகலில் பாதத்தைப் பொசுக்கிவிடும், அப்போது படியிலிருந்து டேங்க் வரை தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். கைப்பிடிச்சுவரில் மழைத்தண்ணீர் போகிற ஓட்டை குட்டி நுழைகிற அளவில் இருந்தது, ஒரு செங்கல்லை வைத்து அடைத்தேன். அதற்குப் பிறகும் பெல்ட் இல்லாமல் மேலே கொண்டுபோனதில்லை.

இந்த ட்ரேயில் பழக்கியது மண்ணை. அதனால் பதினாறு வாரம் முடிந்து தெருவுக்குப் போனபோது புதிதாக எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, இடம்தான் மாறியது. பேப்பரிலும் பாத்ரூமிலும் கிடைக்காத வசதி இது. ட்ரேயில் போன மலத்தை அன்றன்றே எடுத்துவிட வேண்டும். குட்டிகளுக்குத் தாயின் வயிற்றிலிருந்தும் பாலிலிருந்தும் உருண்டைப்புழு வந்துவிடுகிறது. அதன் முட்டை வெளியே வந்த உடனே தொற்றாது, இரண்டு வாரம் போல மண்ணில் கிடந்தால்தான் தொற்றும் பக்குவத்துக்கு வரும். தினமும் எடுத்தால் பயமில்லை. அந்த மண்ணைக் கொண்டுபோய்க் கீரைத்தொட்டியில் கொட்டாதீர்கள், மாடித்தோட்டக்காரர் ஆசையாகக் கேட்டார், நான் கொடுக்கவில்லை. குடற்புழு நீக்க மருந்தையும் டாக்டர் சொன்ன தேதிக்குக் கொடுத்துவிட வேண்டும்.

மாடி என்று தீர்மானமானதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான். பேப்பர் வாரத்தில் ஒரு காலை, குட்டி இரண்டுக்குப் போய்விட்டுத் திரும்பி, அதையே சாப்பிட்டுக்கொண்டிருந்ததை அம்மா பார்த்துவிட்டார். "ஐயோ, ஐயோ" என்று அவர் கத்த, குட்டி ஓடிப்போய் மகளின் கன்னத்தை நக்கியது. அன்றைக்கு நாயை எங்கேயாவது கொண்டுபோய் விடும் பேச்சுவரைக்கும் போய்விட்டது.

தாய் நாய், குட்டிகள் பிறந்த முதல் சில வாரங்கள் அவற்றின் கழிவைத் தானே நக்கித் தின்று படுக்கையைச் சுத்தமாக வைத்திருக்கும். அதனால் நாய்க்கு இது நமக்குப் படுகிற மாதிரி அருவருப்பான விஷயம் இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பெஞ்சமின் ஹார்ட் என்பவரும் மற்றவர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நாய்களில் 16 சதவீதம் இதை அடிக்கடி செய்பவை என்று வந்திருக்கிறது. அவசர அவசரமாகச் சாப்பிடுகிற நாய்களிடம் இது அதிகம். பெரும்பாலும் புதிதாகப் போனதைத்தான் தின்கின்றன. ஓநாய்க் காலத்தில், புழு முட்டைகள் தொற்றும் பக்குவத்துக்கு வருமுன் இருப்பிடத்தைச் சுத்தம் செய்த பழக்கம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். இதை நிறுத்தவென்று விற்கும் பவுடர், மாத்திரைகள் எத்தனை வீட்டில் பலித்தன என்று கேட்டதில், எந்தச் சரக்கும் 2 சதவீதத்தைத் தாண்டவில்லை. இதைப் படிப்பதற்கு முன்பே நான் ஒரு டப்பா வாங்கியிருந்தேன். பட்டாணி அந்தப் பவுடரையும் ரசித்துச் சாப்பிட்டது.

பவுடர் எடுபடாது என்றால் இருக்கும் வழி ஒன்றுதான்: அது திரும்பிப் பார்ப்பதற்குள் எடுத்துவிடுவது. பேப்பரிலும் பாத்ரூமிலும் குட்டி தனியாகப் போய்விட்டு வரும், நமக்குத் தெரியும்போது நேரம் கடந்திருக்கும். மாடியிலும் தெருவிலும் பெல்ட்டின் மறுமுனையில் நாம் நிற்கிறோம். போய் முடித்த நொடியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கோழித் துண்டை மூக்கருகே காட்டி இரண்டடி இந்தப் பக்கம் இழுத்துவிட்டு, மறு கையால் அள்ளிவிடலாம். மூன்று வாரத்தில் அது தானாகவே முடித்ததும் என் கையைப் பார்க்க ஆரம்பித்தது. இந்தப் பழக்கத்தோடு குட்டி இளைத்துக்கொண்டே போனாலோ, வயிறு கழிந்தாலோ மலத்தைப் பரிசோதனைக்குக் கொடுங்கள், புழுவாகவோ செரிமானக் கோளாறாகவோ இருக்கலாம். அதேபோல, பழகின குட்டி திடீரென்று சொட்டுச் சொட்டாக அடிக்கடி ஒன்றுக்குப் போனால் அது சேட்டை இல்லை, சிறுநீர்த் தொற்றா என்று பார்க்க வேண்டும். யாராவது வீட்டுக்கு வந்ததும் சந்தோஷத்திலோ பயத்திலோ கசியவிடுவது இன்னொரு ரகம், பெரும்பாலான குட்டிகளுக்கு வளர வளர அது போய்விடும். வந்தவர்களை முதல் ஐந்து நிமிடம் குட்டியைக் கண்டுகொள்ளாமல் இருக்கச் சொல்வதைத் தவிர ஒன்றும் செய்ய வேண்டாம்.

அடிப்பதை நான் ஐந்தாவது வழியாகச் சேர்க்கவில்லை. "மூக்கைப் புடிச்சி அதுலயே ஒரு தேய் தேய்ங்க சார், மறுநாள் போவாது" என்று வாட்ச்மேன் சொன்னார். தேய்க்கவில்லை, ஆனால் ஒரு நாள் கோபத்தில் கத்திவிட்டேன். மறுநாளிலிருந்து அது பீரோவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு போக ஆரம்பித்தது. என் முன்னால் போனால் ஆபத்து என்பதைத்தான் கற்றுக்கொண்டிருந்தது. அந்தப் பாடத்தை அழிக்க இரண்டு வாரம் ஆயிற்று. தப்பு செய்தது அதற்கே தெரியும், முகத்தைப் பாருங்கள் என்பார்கள். நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்பவர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் குற்றவாளி முகம் நாய் தப்பு செய்ததைப் பொறுத்து வரவில்லை, மனிதர் திட்டுவதைப் பொறுத்தே வந்தது. தப்பே செய்யாத நாயைத் திட்டினாலும் அதே முகம்தான்.

கூண்டு பற்றி ஒரு வார்த்தை. அது இடம் அல்ல, துணை. நின்று, திரும்பி, படுக்கிற அளவுக்கு மட்டும் இருந்தால் படுக்கிற இடத்தை அசுத்தம் செய்யாமல் குட்டி அடக்கப் பார்க்கும். ராத்திரிக்கு உதவும். மூன்று மணிக்கு முனகினால் எழுந்துபோக வேண்டும். பட்டாணிக்கு மூன்றரை மாதம் ஆனபோது அது ஐந்து மணி ஆனது. விற்பனைக்கென்று கூண்டிலேயே அடைத்து வளர்த்த குட்டி என்றால் இது வேலை செய்யாமல் போகலாம், படுக்கையிலேயே போய்ப் பழகியிருக்கும். பகலில் எட்டு மணி நேரம் பூட்டிவிட்டு ஆபீஸ் போவதற்கு அதைப் பயன்படுத்துபவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.

எந்த இடத்தை முடிவு செய்தாலும் பழைய இடத்தின் வாடையை அழிக்காவிட்டால் எல்லாம் வீண். அம்மா பினாயில் ஊற்றித் துடைப்பார், நம் மூக்குக்குப் போய்விடும், நாய் மூக்குக்குப் போகாது. கறுப்பு பினாயில் பாதத்தில் ஒட்டி, நக்கினால் குட்டிக்குக் கெடுதல் வேறு. அமோனியா கலந்த தரை துடைக்கும் திரவங்கள் மூத்திர வாடையையே ஞாபகப்படுத்தும். முதலில் பழைய துணியால் ஒற்றி எடுத்து, என்ஸைம் இருப்பதாக அட்டையில் போட்டிருக்கிற துணிப்பவுடரை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பிறகு வெறும் தண்ணீரில் துடைத்தோம். ப்ளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் அப்படியே கொட்டாதீர்கள், கண் மூக்கெல்லாம் எரிகிற வாயு வரும். ப்ளீச்சையும் பாத்ரூம் ஆசிட்டையும் சேர்ப்பது இன்னும் ஆபத்து. கால்மிதியை எவ்வளவு அலசியும் பயனில்லை, அதைத் தூக்கி எறிந்தோம்.

எங்கள் குட்டி நாட்டு நாய், பெரிதாக வளரும், பகலில் ஒருவராவது வீட்டில் இருக்கிறோம், தலைக்கு மேலேயே மாடி இருக்கிறது. அதனால் ஊசி முடியும்வரை மாடி, அப்புறம் தெரு. இதில் ஒன்று மாறினால் முடிவும் மாறும். மாடி பூட்டிக்கிடக்கிற குடியிருப்பு என்றால் அதே மண் ட்ரேயைப் பால்கனியில் வைக்கலாம், வாடையோடு கொஞ்சம் சண்டை போட வேண்டும். பத்தாவது மாடியில் சின்ன ஜாதி நாயோடு வயசானவர்கள் மட்டும் இருந்தால், தரை வழுக்காத தனிப் பாத்ரூமோ சர்வீஸ் ஏரியாவோ போதும், தெருவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இரண்டு பேரும் காலை எட்டுக்குப் போய் இரவு ஏழுக்கு வருகிற வீடு என்றால், பகலில் இரண்டு தடவையாவது வந்து பார்க்க ஆள் கிடைக்கும்வரை குட்டி வாங்குவதையே தள்ளிப்போடச் சொல்வேன்.

கட்டளைச் சொல் ஒன்று வேண்டும் என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, அம்மா யாரையும் கேட்கவில்லை. குழந்தையைக் காலில் உட்கார வைத்து ஒன்றுக்குப் போக வைக்கிற மாதிரி, ட்ரேக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து "ஸ்ஸ்ஸ்ஸ்" என்று சொல்ல ஆரம்பித்தார். "உனக்கும் இப்படித்தான் சொன்னேன், போகலையா நீ?" என்றார். நான்கே நாளில் பட்டாணிக்கு அந்தச் சத்தம் பிடிபட்டது. ஜனவரியில் கடைசி ஊசிக்குப் பிறகு முதல் தடவையாகக் கீழே இறக்கினோம். அதே வேப்பமரம், அதே டிரான்ஸ்ஃபார்மர். பட்டாணி எல்லாவற்றையும் முகர்ந்தது. அம்மா கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, போகிற வருகிறவர்களுக்குக் கேட்காமல், மெதுவாக "ஸ்ஸ்ஸ்ஸ்" என்றார். செம்பருத்திக்குச் சற்றுத் தள்ளி, மண்ணில் உட்கார்ந்தது.

புதுக் கால்மிதி வாங்கியாயிற்று. அதை மட்டும் இன்னும் கதவுக்கு வெளியேதான் போட்டிருக்கிறோம்.